ஆறு ஆட்டங்கள், மூன்று சமன், ஒரு வெற்றியும் இல்லை: டிராகன் ஸ்டோய்கோவிச் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2025 அக்டோபர் 11. செர்பியாவின் தெற்கே லெஸ்கோவாட்ஸ் என்றொரு சின்ன நகரம். கால்பந்து உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் அல்பேனியாவோடு ஆட்டம். முதல் பாதி முடிகிற தறுவாயில் ரே மனாய் ஒரு கோல் அடித்தார். அதன் பிறகு எந்தப் பக்கமும் கோல் விழவில்லை. 0-1. அன்றிரவே செர்பியாவின் பயிற்சியாளர் டிராகன் ஸ்டோய்கோவிச் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்துவிட்டார். அவர் பிறந்த நீஷ் நகரம் அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.

செர்பியர்களுக்கு அவர் டிராகன் அல்ல, பிக்ஸி. சிறுவயதில் விரும்பிப் பார்த்த கார்ட்டூன் எலியின் பெயர் அது. ரெட் ஸ்டார் பெல்கிரேட் கிளப் தன் வரலாற்றிலேயே ஐந்து ஆட்டக்காரர்களுக்குத்தான் தனித்தனியாக 'ஸ்டாரின் நட்சத்திரம்' என்ற பட்டம் கொடுத்திருக்கிறது. ஐந்தாமவர் பிக்ஸி. அந்தக் கிளப்புக்கு அவர் ஆடியது நான்கே சீசன்.

ஜப்பானில் ஒரு கிளப்பை அதன் முதல் லீக் பட்டத்துக்கு அழைத்துப்போன பயிற்சியாளர் அவர். செர்பியாவை 2022 உலகக் கோப்பைக்கும், ஐரோப்பிய நாட்டு அணிகள் மோதும் 2024 யூரோவுக்கும் கொண்டுபோனார். தனி நாடாக ஆன பிறகு செர்பியா யூரோவில் கால் வைத்ததே அதுதான் முதல் முறை. ஆனால் அந்த இரண்டு போட்டிகளிலும் ஆடிய ஆறு ஆட்டங்களில் மூன்று தோல்வி, மூன்று சமன். ஒன்றைக்கூட வெல்லவில்லை. தகுதிச்சுற்றில் நன்றாக ஆடிய அணி, மேடை ஏறியதும் ஏன் இப்படி ஆனது? இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது. பதிலைத் தேட அவர் ஆடிய காலத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

நீஷ், பெல்கிரேட், வெரோனா

பிறந்தது 1965 மார்ச் 3. உள்ளூர் அணியான ராட்னிச்கி நீஷில் தொடங்கி, 18 வயதில் யுகோஸ்லாவிய அணிக்குள் நுழைந்தார்; செர்பியா அப்போது அந்த நாட்டின் ஒரு பகுதி. 1984 யூரோவில் ஆடினார்; அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியிலும் இருந்தார். 1986-இல் ரெட் ஸ்டார்.

1988-இல் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பையின் இரண்டாம் சுற்றில் எதிரே வந்தது ஏசி மிலான். ஹல்லிட், வான் பாஸ்டன், பரேசி இருந்த மிலான். சான் சிரோவில் பிக்ஸி கோல் அடித்தார், ஆட்டம் 1-1. நவம்பர் 9 அன்று பெல்கிரேடில் மறு ஆட்டம். சாவிசெவிச் அடித்த கோலில் ரெட் ஸ்டார் முன்னிலை, மிலானின் விர்டிஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியே. அந்த நேரம் பார்த்து மைதானத்தில் மூடுபனி இறங்கியது. பந்து எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டாம் பாதியின் நடுவில் நடுவர் ஆட்டத்தைக் கைவிட்டார். மறுநாள் 0-0 என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. வான் பாஸ்டன் அடித்தார், பிக்ஸி சமன் செய்தார், பெனால்டியில் மிலான் வென்றது. அந்த ஆண்டு கோப்பையையும் அவர்களே தூக்கினார்கள். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்று நம் ஊரில் சொல்வோமே, பெல்கிரேடில் இன்றும் அந்த மூடுபனியை அப்படித்தான் பேசுகிறார்கள்.

அப்புறம் 1990 உலகக் கோப்பை. ஜூன் 26, வெரோனா. இரண்டாம் சுற்றில் ஸ்பெயின். 78-ஆவது நிமிடம் வூயோவிச் இடப்பக்கமிருந்து பந்தைத் தூக்கிப் போடுகிறார், கடானெட்ஸ் தலையால் தட்டிவிடுகிறார், பந்து பெனால்டி பகுதிக்குள் தனியாக நிற்கும் பிக்ஸியிடம் இறங்குகிறது. அவர் காலைப் பின்னால் வீசுகிறார். இறங்கும் பந்தை அப்படியே அடிக்கப்போகிறார் என்றுதான் பார்க்கிறவர் எவரும் நினைப்பார். ஸ்பெயினின் மார்ட்டின் வாஸ்கேசும் அப்படி நினைத்துத் தடுக்கச் சறுக்கிப் பாய்கிறார். பிக்ஸி அடிக்கவே இல்லை. பந்தைக் காலடியில் மெதுவாக இறக்கி நிறுத்துகிறார். மார்ட்டின் வாஸ்கேஸ் அவரைத் தாண்டிச் சறுக்கிப் போகிறார். அதற்குப் பிறகுதான், நிதானமாக, கோல்கீப்பர் சுபிசரேட்டாவைத் தாண்டி மூலையில் போடுகிறார். இந்தக் கோலை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் அடிக்கப்போகிறார் என்றே என் கண்ணும் ஏமாறுகிறது. ஸ்பெயின் சமன் செய்தது. கூடுதல் நேரத்தின் தொடக்கத்தில் தடுப்புச் சுவரைச் சுற்றி வளைத்த ஃப்ரீ கிக்கில் பிக்ஸியே ஆட்டத்தை முடித்தார். 2-1.

நான்கு நாள் கழித்து ஃப்ளாரன்ஸில் அர்ஜென்டினாவுடன் காலிறுதி. 31-ஆவது நிமிடத்தில் சபனாஜோவிச் வெளியேற்றப்பட்டார். பத்துப் பேரோடு கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் ஆடியும் யுகோஸ்லாவியா கோல் வாங்கவில்லை. பெனால்டி வந்தது. யுகோஸ்லாவியாவுக்கு முதலில் அடிக்கப் போனவர் பிக்ஸி. பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு எகிறியது. மரடோனாவே தவறவிட்ட அந்தப் பெனால்டி வரிசையில் கடைசியில் 3-2 என்று அர்ஜென்டினா வென்றது. ஒரு முழு நாடாக யுகோஸ்லாவியா உலகக் கோப்பையில் ஆடிய கடைசி ஆட்டம் அது.

உச்ச வயதில் ஆட இடம் இல்லை

1990 கோடையில் பிரெஞ்சுக் கிளப் மார்செய் அவரை வாங்கியது. போன வேகத்திலேயே முழங்கால் காயம். 1991 மே 29, பாரி நகரில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம்: மார்செய்க்கு எதிரே ரெட் ஸ்டார். கோல் இல்லாமல் கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டத்தில் கடைசிச் சில நிமிடங்களுக்குத்தான் பிக்ஸி இறக்கப்பட்டார், பெனால்டியை மனதில் வைத்து. அவர் அடிக்க மறுத்துவிட்டார். தன்னை வளர்த்த கிளப்புக்கு எதிராகப் பெனால்டி அடிக்க முடியாது என்றார். ரெட் ஸ்டார் 5-3 என்று வென்றது. மார்செய் ரசிகர் ஒருவர் இதை மன்னிக்காமல் இருந்தால் அதுவும் நியாயமே. ஆனால் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதை இந்த மறுப்பு நமக்குக் காட்டுகிறது. பிடித்தவர்களை விடமாட்டார். பயிற்சியாளராக ஆன பிறகு இந்தக் குணம் அவருக்குப் பலமாகவும் இருந்தது, பாரமாகவும் ஆனது.

அடுத்து நாடே உடைந்தது. 1992 மே 30 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடை வந்தது. யூரோவுக்காக ஸ்வீடன் போயிருந்த யுகோஸ்லாவிய அணி திருப்பி அனுப்பப்பட்டது. அதன் இடத்தில் போன டென்மார்க் கோப்பையை வென்றது உலகறிந்த கதை. 1994 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றும் இல்லை, 1996 யூரோவும் இல்லை. வெரோனாவில் 25 வயதாக இருந்தவர் அடுத்த பெரிய போட்டியில் ஆடியபோது வயது 33. ஆட்டக்காரனின் உச்ச வயது என்று எதைச் சொல்கிறோமோ அந்த எட்டு வருடத்தில் நாட்டுச் சட்டையோடு ஒரு பெரிய போட்டிகூட இல்லை. 1998 உலகக் கோப்பையிலும் 2000 யூரோவிலும் கேப்டனாக ஆடினார். இரண்டிலும் நெதர்லாந்துதான் வீட்டுக்கு அனுப்பியது. யூரோவில் அது 1-6. மொத்தம் 84 ஆட்டம், 15 கோல்.

நகோயா: காலில் ஆடியதும், ஓரத்தில் நின்றதும்

1994-இல் அவர் ஜப்பான் போனதை அப்போது பலர் ஓய்வூதியப் பயணமாகத்தான் பார்த்திருப்பார்கள். நகோயா கிராம்பஸ் லீக்கின் அடியில் கிடந்த அணி. அந்த செப்டம்பரில் கொட்டும் மழையில் ஜெஃப் யுனைடெட்டுடன் ஓர் ஆட்டம். தரையெல்லாம் தண்ணீர், பந்து உருளவே இல்லை. பிக்ஸி பந்தைக் காலால் மேலே தூக்கி, தரையில் விடாமல் தட்டித் தட்டிக்கொண்டே சேற்றைக் கடந்து ஓடினார். பந்து உருளாத தரையில் பந்தைத் தரையில் விடாமல் இருப்பதுதானே வழி! அங்கிருந்த மற்ற 21 பேருக்கு அது தோன்றவில்லை.

1995-இல் ஆர்சென் வெங்கர் பயிற்சியாளராக வந்தார். அதற்கு முன்பு நடுவர்களோடு சண்டை, அட்டை, கோபம் என்று பிக்ஸியின் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. வெங்கர் அவருக்கு அணியின் நடுவில் சுதந்திரம் கொடுத்தார். அந்த ஆண்டு லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது பிக்ஸிக்கு, ஜப்பானின் எம்பெரர்ஸ் கோப்பை நகோயாவுக்கு. நல்ல ஆட்டக்காரனை நம்பி விட்டுவிட்டால் மீதியை அவன் பார்த்துக்கொள்வான் என்ற எண்ணம் அவருக்குள் இங்கேதான் ஊன்றியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1999 மார்ச் 24 அன்று நேட்டோ யுகோஸ்லாவியா மீது குண்டு வீசத் தொடங்கியது. மூன்று நாள் கழித்து விஸ்ஸெல் கோபேயுடன் நடந்த ஆட்டத்தில் பிக்ஸி சட்டையை உயர்த்தினார். உள்ளே போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் தாக்குதலை நிறுத்துமாறு நேட்டோவுக்கு ஒரு வரி. மே மாதம் அவர் ஊரான நீஷின் சந்தைப் பகுதியிலேயே கொத்துக் குண்டுகள் விழுந்தன.

2001-இல் ஆட்டத்தை விட்டார். அப்புறம் சில ஆண்டுகள் நாற்காலி வேலை: யுகோஸ்லாவிய கால்பந்துச் சங்கத் தலைவர், பிறகு ரெட் ஸ்டார் கிளப் தலைவர். இதில் சொல்லும்படி எனக்கு அதிகம் இல்லை. 2008-இல் நகோயா மறுபடி கூப்பிட்டது, இந்த முறை பயிற்சியாளராக. வாழ்க்கையில் அவர் ஏற்ற முதல் பயிற்சியாளர் வேலை. முதல் ஆண்டே லீக்கில் மூன்றாம் இடம்.

2009 அக்டோபரில் யோகோஹாமா எஃப் மரினோஸுடன் நடந்த ஆட்டம் இணையத்தில் பலர் பார்த்திருப்பார்கள். எதிரணி கோல்கீப்பர் பந்தை வெளியே உதைக்கிறார். பந்து உயரத்தில் மிதந்து நகோயா ஓரம் பக்கம் இறங்குகிறது. கோட்டு, தோல் ஷூ போட்டு நிற்கும் பிக்ஸி, இறங்கும் பந்தை ஒரே உதை. சுமார் ஐம்பது மீட்டர் தாண்டி, ஆளில்லாத கோலுக்குள் அது போய் விழுகிறது. நடுவர் அவரை வெளியே அனுப்பினார். சிரித்துக்கொண்டேதான் போனார்.

எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்த உதையைத்தான். எனக்கு முக்கியம் அடுத்த ஆண்டு. 2010-இல் நகோயா முதல்முறையாக ஜே லீக் சாம்பியன் ஆனது. 34 ஆட்டங்களில் 72 புள்ளி. இரண்டாமிடத்து காம்பா ஒசாகாவைவிட 10 அதிகம். 23 வெற்றி, 8 தோல்வி, சமன் மூன்றே மூன்று. ஒரு கோல் முன்னால் போய்விட்டால் அந்த ஆட்டத்தை நழுவ விடாத அணி அது; வெற்றிகளில் பல ஒரு கோல் வித்தியாசத்தில் வந்தவை. கோலில் நராசாகி, பிக்ஸி ஆடிய காலத்திலேயே உடன் ஆடியவர். அந்த ஆண்டு லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். அவருக்கு முன்னால், அந்த ஆண்டுதான் வந்து சேர்ந்த மார்கஸ் டூலியோ டனாகா. முன்னால் உயரமான ஆஸ்திரேலியர் கென்னடி. ஓரத்தில் உதவியாளராக பழைய ரெட் ஸ்டார் தோழர் போஷ்கோ ஜூரோவ்ஸ்கி. தாக்கி ஆட விரும்பிய பயிற்சியாளர்; அவர் கேட்காமலே பின்வாசலைப் பூட்டிவைக்க இரண்டு பேர். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

2013 முடிவில் நகோயாவை விட்டார். 2015 முதல் 2020 தொடக்கம் வரை சீனாவின் குவாங்சோ ஆர் அண்டு எஃப். அங்கே இஸ்ரேலியர் எரான் சஹாவி 2019-இல் மட்டும் லீக்கில் 29 கோல் அடித்தார். அப்படி ஒருவர் முன்னால் இருந்தும் அந்த ஆண்டு அணி அடித்ததைவிட வாங்கிய கோல்களே அதிகம். அங்கே பின்வாசலுக்குப் பூட்டு இல்லை.

உடைந்த அணி

2020 நவம்பர் 12 அன்று பெல்கிரேடில் ஸ்காட்லாந்திடம் பெனால்டியில் தோற்று யூரோ வாய்ப்பை இழந்தது செர்பியா. கடைசிப் பெனால்டியைத் தவறவிட்டவர் அலெக்சாண்டர் மித்ரோவிச். பயிற்சியாளர் தும்பகோவிச்சின் பதவி போனது. 2021 மார்ச் 3 அன்று, தன் 56-ஆவது பிறந்தநாளில், பிக்ஸி பொறுப்பேற்றார்.

அந்த நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை. 2006-இல் தனி நாடாக ஆனதிலிருந்து செர்பியா பயிற்சியாளர்களைச் சட்டை மாதிரி மாற்றிக்கொண்டிருந்தது. 2018 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுத் தந்த முஸ்லினையே, அந்தப் போட்டிக்குப் போகும் முன் நீக்கினார்கள். பிக்ஸி நான்கரை ஆண்டு இருந்தார். தனி செர்பியாவில் அத்தனை காலம் யாரும் இருந்ததில்லை.

முதல் ஆட்டம் அயர்லாந்து. அவர்கள் முதலில் கோல் அடித்தார்கள். பிக்ஸி மித்ரோவிச்சை மாற்று ஆட்டக்காரராக இறக்கினார். இரண்டு கோல், 3-2. மூன்று நாள் கழித்து போர்ச்சுகல். 0-2 என்று பின்தங்கி, 2-2 என்று சமன். கடைசி நிமிடத்தில் ரொனால்டோ அடித்த பந்து கோட்டைத் தாண்டியும் கோல் தரப்படவில்லை. அவர் கேப்டன் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனார். அந்த ஒரு புள்ளியில் அதிர்ஷ்டமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. நான்கு மாதத்துக்கு முன் நொறுங்கிப்போயிருந்த மித்ரோவிச், அந்த மார்ச் மாதத்திலேயே போபெக்கின் 38 கோல் சாதனையைத் தாண்டி நாட்டின் அதிக கோல் அடித்தவர் ஆனார். தோல்விக்குக் காரணம் என்று எல்லோரும் கை காட்டியவனை நடுவில் நிறுத்தி அணியைக் கட்டுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஃப்ளாரன்ஸில் குறுக்குக் கம்பத்தில் அடித்தவருக்கு அந்த வலி தெரிந்திருக்கும்.

2021 நவம்பர் 14, லிஸ்பன். தொகுதியின் கடைசி ஆட்டம். சமன் ஆனாலே போர்ச்சுகல் உலகக் கோப்பைக்கு, கத்தாருக்குப் போய்விடும். செர்பியா வென்றாக வேண்டும். இரண்டாவது நிமிடமே ரெனாட்டோ சாஞ்செஸ் கோல். அதன் பிறகு செர்பியா பயந்து ஒதுங்கவில்லை. மூன்று பேர் பின்னால், கோஸ்டிச்சும் ஷிவ்கோவிச்சும் இரு ஓரத்திலும் ஏறி ஏறி ஓட, நடுவில் டாடிச். 33-ஆவது நிமிடம் டாடிச் தூரத்திலிருந்து அடித்தது தடுப்பாட்டக்காரர் மேல் பட்டு கோல்கீப்பர் கையை மீறிப் போனது. இடைவேளையில் மித்ரோவிச்சை இறக்கினார் பிக்ஸி, ஏற்கெனவே வ்லாஹோவிச் முன்னால் இருக்கும்போதே. 90-ஆவது நிமிடம் டாடிச் தூக்கிப்போட்ட பந்து எல்லோரையும் கடந்து தூரக் கம்பத்துக்குப் போனது. அங்கே மித்ரோவிச் தனியாக. தலையால் ஒரு முட்டு. 1-2. தகுதிச்சுற்றில் ஒரு தோல்விகூட இல்லாமல் முதலிடம். அடுத்த ஆண்டு ஓஸ்லோவில் நார்வேயை 2-0 என்று வென்று, ஐரோப்பிய நாட்டு அணிகள் பிரிவு பிரிவாக ஆடும் நேஷன்ஸ் லீக்கின் முதல் பிரிவுக்கும் ஏறினார்கள்.

கத்தார்

2022 நவம்பரில் செர்பியாவைக் கறுப்புக் குதிரை என்று பலர் எழுதினார்கள். உள்ளே நிலைமை வேறு. மித்ரோவிச்சுக்கு கணுக்காலில் காயம், வ்லாஹோவிச்சுக்கு இடுப்பு மடிப்பில், கோஸ்டிச்சும் முழுத் தகுதியில் இல்லை. பிரேசிலிடம் 0-2, ரிச்சார்லிசன் இரண்டு கோல், இரண்டாவது பறந்து அடித்த அந்தக் கத்தரிக்கோல் உதை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேமரூன் ஆட்டம்தான் இந்த ஆய்வின் நடுப்புள்ளி. முதலில் கேமரூன் கோல். செர்பியா பின்தங்கிவிட்டதா, விழித்துக்கொண்டது. இடைவேளைக்கு முந்தைய கூடுதல் நிமிடங்களில் பாவ்லோவிச், மிலின்கோவிச்-சாவிச் என்று இரண்டு கோல். 53-ஆவது நிமிடம் அழகாகப் பாஸ் செய்து கட்டிய தாக்குதலில் மித்ரோவிச். 3-1. இதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும்? தடுப்பு வரிசையை பத்து மீட்டர் பின்னால் இழு, பந்தை வைத்துக்கொள், எதிரியை ஓடவிடு. செர்பியா அதைச் செய்யவில்லை. மூன்று தடுப்பாட்டக்காரர்களும் நடுக்கோட்டருகே ஏறியே நின்றார்கள், நாலாவது கோல் தேடுவதுபோல. 63-ஆவது நிமிடம் மாற்றாக வந்த அபூபக்கர் பின்னால் நழுவினார். கோல்கீப்பர் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டார். ஆஃப்சைடு என்று கொடி உயர்ந்தது; காணொளி நடுவர் பார்த்துவிட்டு, இல்லை, கோல்தான் என்றார். சரி, இப்போதாவது பின்னால் இழுத்திருக்கலாம். மூன்றே நிமிடம், அதே இடைவெளி, அதே ஓட்டம்: அபூபக்கர் ஓடிப்போய் எடுத்துக்கொடுக்க, சுப்போ-மோட்டிங். 3-3.

சுவிட்சர்லாந்துடனான கடைசி ஆட்டத்திலும் இதே கதை. பின்தங்கினார்கள், மித்ரோவிச்சும் வ்லாஹோவிச்சும் அடித்து 2-1 என்று முன்னால் வந்தார்கள். இடைவேளைக்கு ஒரு நிமிடம் முன்பு ஒன்று, திரும்பி வந்து மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. 2-3. ஐந்து கோல் அடித்து, எட்டு வாங்கி, ஒரே புள்ளியோடு வீடு.

பின்னால் இருந்தால் ஓடும் அணி

மேலே சொன்ன ஆட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்குக் கிடைத்தது இதுதான். பிக்ஸியின் செர்பியா பின்தங்கியிருக்கும்போது யாரையும் வெல்லக்கூடிய அணி. முன்னிலை வந்துவிட்டால் என்ன செய்வதென்று தெரியாத அணி. அயர்லாந்து, இரண்டு போர்ச்சுகல் ஆட்டங்கள், பின்னால் யூரோவில் ஸ்லோவேனியாவுக்கு எதிராக 95-ஆவது நிமிடத்தில் யோவிச்சின் தலைமுட்டு, யூரோ இடத்தை உறுதிசெய்த பல்கேரியாவுடனான 2-2: எல்லாமே பின்னாலிருந்து வந்தவை. கேமரூனிடமும் சுவிட்சர்லாந்திடமும் கைவிட்டது இரண்டும் முன்னிலையில் இருந்தபோது.

இதை அவருடைய குணத்தின் மேல் மட்டும் போடுவது சுலபம், ஆனால் சரியல்ல. நகோயாவில் இதே மனிதர்தான் ஒரு கோலை வைத்துக்கொண்டு ஆட்டத்தை முடிக்கும் அணியை நடத்தினார். வித்தியாசம் எங்கே? அங்கே தினமும் பயிற்சி இருந்தது. நராசாகியும் டூலியோவும் இருந்தார்கள். தேசிய அணிப் பயிற்சியாளருக்கு ஆண்டில் சில தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நாள்போலத்தான் ஆட்கள் கையில் கிடைப்பார்கள். பத்து நாளில் நம்பிக்கை கொடுக்கலாம், யார் எங்கே ஆடுவது என்று சொல்லலாம். எப்போது ஏறுவது எப்போது இறங்குவது என்று மூன்று தடுப்பாட்டக்காரர்களும் ஒரே மூச்சில் உணர்வது அப்படி வராது. செர்பியாவின் செல்வமெல்லாம் முன்னால் இருந்தது. பின்னால் நின்று மற்றவர்களைக் கத்தி இழுக்கும் ஒரு டூலியோ இல்லை. அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்த வேலையை ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர்தான் செய்தாக வேண்டும். 3-1 ஆன பிறகான அந்தப் பத்து நிமிடத்தில் பிக்ஸி அதைச் செய்யவில்லை. அந்தத் தவறு அவருடையது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனி நாடாக செர்பியா அதற்கு முன் ஆடிய இரண்டு உலகக் கோப்பைகளிலும் தலா ஓர் ஆட்டம் வென்றிருக்கிறது: 2010-இல் அன்டிச்சின் அணி ஜெர்மனியை, 2018-இல் கிர்ஸ்டாயிச்சின் அணி கோஸ்டாரிகாவை. இரண்டும் 1-0. அந்த அணிகளில் இத்தனை கோல் அடிக்கும் ஆட்கள் இல்லை. ஆனால் 1-0 என்று ஆனபிறகு எப்படி நிற்பது என்று தெரிந்திருந்தது.

ஜெர்மனி, அதன் பிறகு

ஜெர்மனியில் நடந்த 2024 யூரோவுக்கு பிக்ஸி கத்தார் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் வந்தார். அதிகமாகவே படித்துவிட்டார். இங்கிலாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில் டாடிச்சை வெளியே உட்காரவைத்து, நடுக்களத்தை இறுக்கினார். 13-ஆவது நிமிடம் பெல்லிங்காம் அடித்த கோலுக்குப் பிறகு இங்கிலாந்தை அடக்கி வைத்தார்கள்தான். ஆனால் முன்னால் மித்ரோவிச்சும் வ்லாஹோவிச்சும் பந்துக்காகக் காத்து நின்றார்கள். அவர்களுக்குப் பந்து கொடுக்கக்கூடியவர் பெஞ்சில். டாடிச் தன் வருத்தத்தை வெளிப்படையாகவே சொன்னார். ஸ்லோவேனியாவுடன் 1-1. டென்மார்க்கை வென்றால் அடுத்த சுற்று என்ற நிலையில் 0-0. மூன்று ஆட்டத்தில் வாங்கிய கோல் இரண்டு, அடித்தது ஒன்று.

வாங்கிய கோல் எட்டிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிட்டது. கூடவே லிஸ்பனில் பார்த்த அந்த அணியும் போய்விட்டது. கத்தாரைவிட இது எனக்கு வலித்தது. வெரோனாவில் உதைக்காமல் நிறுத்தியதும், மழையில் பந்தைத் தூக்கி ஓடியதும் துணிச்சல். அந்தத் துணிச்சலைத்தான் 2021-இல் அவர் ஆட்களுக்குக் கொடுத்தார். ஜெர்மனியில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அந்தப் போட்டிக்குப் பிறகு டாடிச் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் இடத்தில் இன்னொரு ஆளை முன்பே வளர்த்திருக்க வேண்டும். நம்பியவர்களைக் கடைசிவரை வைத்திருந்ததில் அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2025 மார்ச்சில் ஆஸ்திரியாவை இரண்டு ஆட்டச் சுற்றில் வென்று நேஷன்ஸ் லீக்கின் முதல் பிரிவில் தங்கினார்கள், அது நல்ல வேலை. செப்டம்பர் 9 அன்று பெல்கிரேடில் இங்கிலாந்து ஐந்து கோல் போட்டது. செர்பியாவுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் லெஸ்கோவாட்ஸ். பல்கேரியாவுடன் சமன் செய்து யூரோ இடத்தைப் பிடித்ததும் அதே மைதானத்தில்தான். இந்த முறை பின்தங்கியவர்கள் திரும்பி வரவில்லை. இரண்டாம் பாதி முழுக்க நேரம் இருந்தது. 2026 உலகக் கோப்பை செர்பியா இல்லாமல் நடக்கும்.

அவருக்குப் பிறகு வந்தவர் வெல்கோ பௌனோவிச். 2015-இல் நியூசிலாந்தில் பிரேசிலை இறுதியில் வென்று 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையைச் செர்பியாவுக்கு வாங்கித் தந்த பயிற்சியாளர். மிலின்கோவிச்-சாவிச், ஷிவ்கோவிச், கோல்கீப்பர் ராய்கோவிச் எல்லாம் அந்த அணியில்தான் வளர்ந்தார்கள். அந்த இறுதியாட்டமும் கூடுதல் நேரம் வரை போனது, வெற்றிக் கோல் விழுந்தது 118-ஆவது நிமிடத்தில்.